மொய் நோட்டை மூடி வையுங்கள்: எஸ்.பி.பி. ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

எஸ்.பி.பி.யை உயிராக நினைக்கும் ரசிகப் பெருமக்களுக்கு வணக்கம்.

எஸ்.பி.பி. மறைந்த செப்டம்பர் 25 நெருங்கினால் எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் எரிச்சல். சந்தோஷம் எதற்கென்றால், அந்த வாரத்தில் எங்களுக்கு எப்படியும் ஒன்றிரண்டு கச்சேரி உறுதி. "பாலு சார் நினைவு இன்னிசை" என்று நீங்கள்தான் காசு போட்டு நடத்துகிறீர்கள், அதற்கு முதலில் நன்றி. மதுரைப் பக்கத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் தபேலாவும் டோலக்கும் வாசிப்பவன் நான். எங்கள் வீட்டு அடுப்பில் எரிந்ததில் பாதிக்கு மேல் அவர் பாட்டுதான்.

எரிச்சல் எதற்கென்றால், மேடையில் மைக் டெஸ்டிங் நடக்கும்போதே கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து நீங்கள் ஆரம்பிக்கும் பேச்சு. "கடைசி நேரத்துல அவர் எட்டிப் பார்த்தாரா?" "வளர்த்து விட்டவருக்கு ஒரு மாலை போட நேரமில்லையா?" "ஆஸ்பத்திரியில கிடந்தப்போ இவங்க எல்லாம் எங்க போனாங்க?" வருஷங்கள் போய்விட்டன. எஸ்.பி.பி.க்கு 2021இல் பத்ம விபூஷண் கொடுத்தார்கள், அவர் வாழ்ந்த நுங்கம்பாக்கம் தெருவுக்கே அவர் பெயரை வைத்துவிட்டார்கள். இந்தப் பேச்சு மட்டும் மாறவில்லை. துக்க வீட்டு வாசலில் மொய் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, வந்தவர் யார், வராதவர் யார் என்று எழுதுவதை நீங்கள் இன்னும் நிறுத்தவில்லை.

உங்கள் வருத்தம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த ஆகஸ்டும் செப்டம்பரும் எப்படிப் போயின என்று எனக்கும் தெரியும். ஆனால் அவர் ஆஸ்பத்திரியில் இருந்த அந்த 51 நாளில் நடந்ததையே பலர் மறந்துவிட்டுப் பேசுகிறார்கள். ஒருமுறை வரிசையாகப் பார்த்துவிடுவோம்.

2020 ஆகஸ்ட் 5. சளி, காய்ச்சல், லேசான கொரோனா என்று சொல்லி, சென்னை எம்.ஜி.எம். ஹெல்த்கேர் மருத்துவமனையில் சேர்ந்த செய்தியை அவரே வீடியோவில் சொன்னார். வீட்டிலேயே இருந்துகொள்ளலாம் என்று டாக்டர்கள் சொன்னதாகவும், வீட்டில் உள்ளவர்களுக்குச் சிரமம் வேண்டாம் என்று தானே வந்து சேர்ந்துகொண்டதாகவும் சொன்னார். அந்த வீடியோவில் இன்னொன்றும் சொன்னார். யாரும் போன் செய்து விசாரிக்க வேண்டாம், எடுத்துப் பேச முடியவில்லை, ஓய்வெடுக்க வந்திருக்கிறேன் என்று கேட்டுக்கொண்டார். நோயாளியே தன் வாயால் சொன்னது இது. நண்பர்கள் விசாரிக்கவில்லை என்று கோபப்படுகிறவர்கள் அந்த வீடியோவை இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள்.

ஆகஸ்ட் 13 ராத்திரி நிலைமை மோசமானது. வென்டிலேட்டர், பிறகு எக்மோ. நுரையீரல் வேலை செய்ய முடியாதபோது ரத்தத்தை வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றி உள்ளே அனுப்பும் இயந்திரம் அது. கொரோனா வார்டின் ஐ.சி.யு. வேறு. பெற்ற பிள்ளையே தலை முதல் கால் வரை கவச உடை மாட்டிக்கொண்டு உள்ளே போக வேண்டியிருந்தது. அந்த அறைக்குள் எந்த நண்பர் எட்டிப் பார்ப்பது? எட்டிப் பார்க்க விட்டிருந்தால்தான் என்ன பிரயோஜனம்? பாட்டு பாடியே பிழைத்த மனிதர், பேச முடியாமல் படுத்திருக்கிறார். எழுத முயல்கிறார், பேனாவைப் பிடிக்கக் கை ஒத்துழைக்கவில்லை என்று அவர் மகன் சரண் சொன்னார். அந்தக் கோலத்தில் தன்னைப் பத்துப் பேர் வந்து பார்த்துப் போவதை எந்தப் பாடகரும் விரும்ப மாட்டார். இதை நான் ஊகமாகச் சொல்லவில்லை. எங்கள் குழுவிலேயே பார்த்தேன், அந்தக் கதைக்கு வருகிறேன்.

ஆகஸ்ட் 20 மாலை 6 மணி உங்களுக்கு நினைவிருக்கும். பாரதிராஜா அழைப்பு விடுத்தார், கூட்டுப் பிரார்த்தனை. இளையராஜா, ரஜினி, கமல், வைரமுத்து, ரஹ்மான் என்று ஒரு தலைமுறையே அவரவர் இருந்த இடத்தில் கைகூப்பி நின்றது. தெருத்தெருவாக அவர் பாட்டு ஒலித்தது. மருத்துவமனை வாசலில் மெழுகுவத்தி ஏற்றி நின்றவர்களும் உங்களில்தான் இருந்தீர்கள். செப்டம்பரில் தொற்று போய்விட்டது, ஐபேடில் கிரிக்கெட்டும் டென்னிஸும் பார்க்கிறார், ஐ.பி.எல். எப்போது தொடங்கும் என்று காத்திருக்கிறார் என்று சரண் சொன்னதும் நாமெல்லாம் இனி வீட்டுக்கு வந்துவிடுவார் என்றே நம்பினோம். 24ஆம் தேதி கமல் மருத்துவமனைக்குப் போய்விட்டு வெளியே வந்தபோது அவர் முகத்தைப் பார்த்தே பலருக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் மதியம் ஒரு மணி தாண்டி முடிந்தது. வயது 74.

அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்குக் கசப்பு.

நுங்கம்பாக்கம் வீட்டு வாசலில் கூட்டம் கட்டுக்கடங்கவில்லை. கொரோனா காலம். அன்று ராத்திரியே தாமரைப்பாக்கம் பண்ணை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் போலீஸ் மரியாதையோடு அடக்கம். பாரதிராஜா வந்தார், அர்ஜுன் வந்தார், மனோ வந்தார். விஜய் வந்தார். விஜய் வந்ததும் என்ன ஆயிற்று? அங்கே கிடந்தது ஒரு சாவு என்பதே மறந்துபோயிற்று. அவரைச் சுற்றிச் செல்போன்கள், தள்ளுமுள்ளு, போலீஸ். அந்த நெரிசலில் ஒரு ரசிகரின் செருப்பு கழன்று விழ, விஜய் குனிந்து அதை எடுத்துக் கொடுத்த வீடியோவை நாடே பார்த்தது. நல்ல மனசு என்று பாராட்டினோம், பாராட்ட வேண்டியதுதான். ஆனால் துக்கத்துக்கு வந்த மனிதரை வந்த காரியத்தைச் செய்து திரும்ப விடாமல் செருப்பு பொறுக்க வைத்தது யார் கூட்டம் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

வந்தவர் கதி இது. வராதவர் கதி இன்னும் மோசம். அஜித் ஏன் வரவில்லை என்று பிடித்துக்கொண்டீர்கள். தெலுங்கில் அவருடைய முதல் படத்துக்கு அவர் பெயரைச் சொன்னவரே எஸ்.பி.பி.தான், சரணின் நண்பர் வேறு, நன்றி வேண்டாமா என்று. அவர் பொது நிகழ்ச்சிகளுக்கு வருவதை விட்டுப் பல வருஷம் ஆயிற்று என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். 1999இல் 'அமர்க்களம்' படத்தில் அவருக்காக எஸ்.பி.பி. மூச்சுப் பிடித்துப் பாடியதே "சத்தம் இல்லாத தனிமை கேட்டேன்" என்றுதான். கேட்டது கிடைக்கவில்லை, பாவம்.

அதற்குச் சரண் சொன்ன பதிலை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அஜித் என் நண்பர், அப்பாவுக்கும் நண்பர், அவர் நேரில் வந்தாலும் வராவிட்டாலும், போன் செய்தாலும் செய்யாவிட்டாலும் அது பிரச்சினையே இல்லை, அவர் வீட்டில் இருந்தே துக்கப்படட்டுமே என்கிற மாதிரி சொன்னார். அப்பாவை இழந்து நிற்கிறோம், எங்களுக்குக் கொஞ்சம் நேரம் வேண்டும் என்றும் சொன்னார். பிள்ளை சொன்ன பிறகும் ரசிகனுக்கு வழக்கு முடியவில்லை. சாவு வீட்டுக்காரர் கணக்கைத் தீர்த்துவிட்டார், பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் பாக்கி கேட்கிறார்.

இது மட்டுமா? மருத்துவமனை பில் பாக்கி, பணம் கட்டாததால் உடலைத் தரவில்லை, யார் யாரோ தலையிட்டுத்தான் தந்தார்கள் என்று ஒரு புரளி. அதையும் சரண்தான், தகப்பனைப் புதைத்த கையோடு, கேமரா முன்னால் வந்து மறுக்க வேண்டியிருந்தது. அதற்கு முன்பு, ஒரு டி.வி. நிகழ்ச்சியில் கலந்துகொண்ட பாடகி ஒருத்தரால்தான் அவருக்குத் தொற்று வந்தது என்று கிளப்பினார்கள். அந்தப் பெண் பகிரங்கமாக மறுத்தும், போலீஸில் புகார் கொடுத்தும் விடவில்லை. வீட்டில் சின்னக் குழந்தையை வைத்துக்கொண்டு நோயோடு கிடந்த ஒரு பாடகியைக் கொலைகாரி ரேஞ்சுக்குப் பேசினோம். எஸ்.பி.பி. பேரைச் சொல்லி! சின்னப் பிள்ளைகள் தப்பாகப் பாடினால்கூட முகம் வாடாமல் திருத்திக் கொடுத்த மனுஷன் பேரைச் சொல்லி!

இளையராஜா விஷயத்துக்கும் வந்துவிடுவோம், அதைத் தொடாமல் விட்டால் மழுப்புகிறான் என்பீர்கள். 2017இல் அமெரிக்காவில் எஸ்.பி.பி. கச்சேரி செய்துகொண்டிருந்தபோது, அனுமதியில்லாமல் தன் பாட்டைப் பாடக் கூடாது என்று வக்கீல் நோட்டீஸ். உங்களில் பாதிப் பேர் அந்தப் பக்கம், பாதிப் பேர் இந்தப் பக்கம் நின்று இன்றுவரை சண்டை போடுகிறீர்கள். அவர்கள் இரண்டு பேரும் 2019லேயே கட்டிப்பிடித்துக்கொண்டு, ஜூன் மாதம் சென்னையில் ஒரே மேடையில் பாடி முடித்துவிட்டார்கள். ஊரடங்கில், 2020 மே மாதம், முன்களப் பணியாளர்களுக்காக ராஜா இசையமைத்த பாட்டைப் பாடியவர் எஸ்.பி.பி.தான். ஆகஸ்டில் "பாலு, சீக்கிரம் எழுந்து வா" என்று ராஜா பேசிய வீடியோவில் அந்த மனிதர் குரல் எப்படி இருந்தது என்று கேட்டவர்களுக்குத் தெரியும். இறந்த பிறகு திருவண்ணாமலையில் மோட்ச தீபம் ஏற்றினார். அறுபதுகளின் கடைசியில் எஸ்.பி.பி. மெல்லிசைக் கச்சேரிகளில் ராஜாவும் அவர் சகோதரர்கள் பாஸ்கரும் கங்கை அமரனும் வாசித்துக்கொண்டிருந்த காலத்தில் தொடங்கியது அது. எங்களைப் போல வேனில் சாமான் ஏற்றி, விடியக்காலை ரோட்டோரக் கடையில் டீ குடித்துத் திரிந்த சிநேகிதம். அதற்குள் நடந்த கோபதாபத்துக்கு நீங்களும் நானும் பஞ்சாயத்துப் பண்ணத் தேவையே இல்லை.

நண்பர்கள் துணை நின்றார்களா என்று கேட்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. அது கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதை எந்த நாளில் கேட்கிறீர்கள், எதைப் பார்த்துக் கேட்கிறீர்கள் என்பதில்தான் எனக்குச் சண்டை. மலேசியா வாசுதேவன் பக்கவாதம் வந்து வீட்டோடு கிடந்தார். "பூங்காற்று திரும்புமா" பாடிய மனிதர் திரும்பாமலே 2011 பிப்ரவரி 20 அன்று போனார். போன பிறகு, திரையுலகம் கண்டுகொள்ளவில்லை என்று எத்தனை குரல்! படுத்திருந்த காலத்தில் அந்தக் குரல்கள் எங்கே இருந்தன? 'கருத்தம்மா'வில் பாடி தேசிய விருது வாங்கிய சொர்ணலதா 37 வயதில் நுரையீரல் நோயில் இறந்தார், 2010 செப்டம்பர் 12. அவருக்கு உடம்பு சரியில்லை என்பதே நம்மில் பலருக்கு அன்றுதான் தெரியும். பாடகி பவதாரிணி 2024 ஜனவரி 25 அன்று இலங்கையில் சிகிச்சைக்குப் போன இடத்தில் இறந்தபோதும் அப்படித்தான், செய்தியே இடியாக வந்தது. ஒரு குடும்பம் நோயை வெளியே சொல்லாமல் வைத்துக்கொள்ள நினைத்தால், அந்த வாசலில் எந்த நண்பர் எத்தனை தடவை செருப்பைக் கழற்றினார் என்று நமக்கு எப்படித் தெரியும்?

எஸ்.பி.பி. வாழ்க்கையிலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. அவர் எத்தனையோ மேடையில் சொல்லி, நீங்கள் கைதட்டிக் கேட்டதுதான். 'அடிமைப் பெண்' படத்துக்குப் பாட வாய்ப்பு. இருபத்து மூன்று வயதுகூட நிரம்பாத பையன். கே.வி.மகாதேவன் இசை, எம்.ஜி.ஆருக்குக் குரல். ஒத்திகையெல்லாம் முடிந்த நேரத்தில் டைபாய்டு வந்து படுத்துவிட்டார். வேறு எவரையாவது பாடவைத்து வேலையை முடிப்பதுதான் சினிமா வழக்கம், டி.எம்.எஸ். உச்சத்தில் இருந்த காலம் வேறு. எம்.ஜி.ஆர். காத்திருந்தார். படப்பிடிப்பைத் தள்ளிவைத்து, பையன் எழுந்து வந்த பிறகு அவரையே பாடவைத்தார். எம்.ஜி.ஆருக்குப் பாடப்போகிறேன் என்று நண்பர்களிடம் எல்லாம் சொல்லியிருப்பாய், வேறு ஒருவர் பாடினால் உன்னைப் பிடிக்காமல் நீக்கிவிட்டேன் என்று நினைப்பார்கள், உன் எதிர்காலம் கெட்டுவிடும் என்று காரணமும் சொன்னாராம். 1969இல் "ஆயிரம் நிலவே வா" வந்தது. மிச்சம் ஊருக்கே தெரியும்.

எம்.ஜி.ஆர். அவரைப் படுக்கையில் போய்ப் பார்த்தாரா, பழக்கூடை கொடுத்தனுப்பினாரா என்று எவராவது கேட்டோமா? அவர் இடத்தை வைத்திருந்தார். நோயில் விழுந்த பாட்டுக்காரனுக்கு அதைவிடப் பெரிய துணை கிடையாது. ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் வாசல் வரை வருவார்கள். "நீ எழுந்து வா, உன் மைக் உனக்குத்தான்" என்று சொல்ல, சொல்லி அதன்படி நடக்க, மிகச் சிலர்தான் இருப்பார்கள்.

இப்போது எங்கள் குழுக் கதை.

ஒவ்வொரு ஊர்க் குழுவிலும் ஒரு எஸ்.பி.பி. குரல் இருக்கும், உங்களுக்கே தெரியும். எங்கள் குழுவில் இருந்தவரை ஊரே பாலு என்றுதான் கூப்பிடும், சொந்தப் பெயரை ரேஷன் கார்டில்தான் பார்க்க முடியும். "மண்ணில் இந்தக் காதலன்றி" பாட்டில் மூச்சு விடாத அந்த இடம் வந்தால் நான் தபேலாவில் கையை இறுக்கிக்கொள்வேன், ஜனங்கள் விசில் தயாராக வைத்திருப்பார்கள். (ஸ்டூடியோவில் அதை ஒரே மூச்சில் பாடவில்லை என்று எஸ்.பி.பி.யே விளக்கிய பிறகும், எங்கள் ஆள் ஒரே மூச்சில்தான் பாடுவேன் என்று அடம்பிடிப்பார். பாடவும் செய்வார்.)

அவருக்குக் குரல் கம்ம ஆரம்பித்தது. தூசி, பனி, சீசன் அலைச்சல் என்று சித்தரத்தையும் பனங்கற்கண்டுமாகக் கொஞ்ச காலம் ஓட்டினார். அப்புறம் சதைப் பரிசோதனை. குரல்வளைப் புற்றுநோய். குரல்வளையையே எடுத்துவிட்டார்கள், கழுத்தில் துளை வழியாக மூச்சு. ஆபரேஷன் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் முடிந்தது. அந்த அட்டை இல்லையென்றால் வீடே போயிருக்கும். ஆனால் அட்டையில் வராத செலவு ஒன்று இருக்கிறது. ரேடியேஷனுக்குத் தினம் போய்வர பஸ், துணைக்கு வருகிறவர் கூலி, மிக்சியில் அரைத்து ஊட்டும் சாப்பாடு, வீட்டு வாடகை, பிள்ளைகள் படிப்பு. இதைத்தான் ஒரு குடும்பம் தாங்க முடியாமல் உடைகிறது.

நான் பார்க்கப் போனபோது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். வாங்கிப் போன பழத்தைச் சாப்பிடவும் முடியாது, நன்றி சொல்லவும் முடியாது. கொஞ்ச நேரம் கழித்துப் பழைய பாட்டு நோட்டின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார்: "யாரையும் கூட்டிட்டு வராதே." அதற்குப் பிறகு நான் எவரையும் கூட்டிப் போகவில்லை.

எங்கள் குழு ஓனரை அண்ணன் என்றுதான் சொல்வோம். அவர் ஒரு காரியம் செய்தார். நோட்டீஸில் பாலுவின் பெயரை எடுக்கவே இல்லை. புதுப் பையன் ஒருத்தன் பாட வந்தான், அவன் பெயர் கீழே, பாலு பெயர் பழைய இடத்தில். உடம்பு கொஞ்சம் தேறியதும் பக்கத்து ஊர்க் கச்சேரிக்கு அவரை வேனில் கூட்டி வந்து, கழுத்தில் துண்டைச் சுற்றி, கீபோர்டு பக்கத்தில் பாட்டு நோட்டோடு உட்காரவைத்தார். பையன் சரணத்தில் முந்தினால் பாலுவின் கை இறங்கும், இழுத்தால் விரல் சொடுக்கும். கச்சேரி முடிந்ததும் எல்லோருக்கும் போல அவருக்கும் பேமெண்ட் கவர். ஒரு ஊர்க் கமிட்டியில், "பாடாத ஆளுக்கு எதுக்குய்யா காசு?" என்று கேட்டே பேசிய தொகையில் பிடித்துக்கொண்டார்கள். அண்ணன் தன் பங்கிலிருந்து கொடுத்தார், எங்களிடம் சொல்லவில்லை. கணக்கு எழுதுகிற பையன் சொல்லித்தான் தெரியும்.

நோய் திரும்பி வந்து பாலு இறந்த அன்று, அண்ணன் வேறு மாவட்டத்தில் ஒரு கும்பாபிஷேகக் கச்சேரியில் இருந்தார். பாதியில் விட்டு வரவில்லை. மறுநாள், எடுத்த பிறகுதான் வந்தார். வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் சும்மா விடுவார்களா? "இத்தனை வருஷம் கூட வச்சுச் சம்பாதிச்சவன், முகத்தைப் பார்க்க வரலை பாரு." அண்ணன் காதில் விழத்தான் பேசினார்கள். அவர் பதில் சொல்லவில்லை, உள்ளே போய் கவரைக் கொடுத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். பாலுவின் மனைவிதான் வெளியே வந்து சொன்னார்: "அவரு மாசாமாசம் வந்துட்டுத்தான் இருந்தாரு. நீங்க எல்லாம் இன்னைக்குத்தான் வந்திருக்கீங்க." அந்த அம்மா சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டது அன்று ஒருநாள்தான்.

ஆகவே நண்பர்களே, உங்களுக்கு உண்மையிலேயே கேட்க ஆசையென்றால் கேட்பதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. பங்குனி, சித்திரை எங்களுக்குச் சம்பாத்தியக் காலம், ஆடி வரை சாப்பாடு அதில்தான். அந்த வருஷம் ஒரு திருவிழாவும் இல்லை. கிடார் வாசிக்கிறவர் காய்கறி வண்டி தள்ளினார், டிரம்மர் லோடு ஆட்டோ ஓட்டினார். அந்த நேரத்தில் எஸ்.பி.பி. என்ன செய்தார் தெரியுமா? வீட்டில் உட்கார்ந்து, முகநூலில் ரசிகர்கள் கேட்ட பாட்டையெல்லாம் பாடி, பாட்டுக்கு 100 ரூபாய் என்று நிவாரணத்துக்கு நிதி சேர்த்தார். அத்தனை ஆயிரம் பாட்டுப் பாடிய குரலுக்கு நூறு ரூபாய் விலை வைத்துக்கொண்டார். தன்னை முதலில் பாடவைத்த இசையமைப்பாளர் கோதண்டபாணி இறந்த பிறகு, தான் கட்டிய ஸ்டூடியோவுக்கு அவர் பெயரைத்தான் வைத்தார். இடத்தை வைத்திருப்பது எப்படி என்று அவருக்குத் தெரியும். அவரைக் கொண்டாடுகிற உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் இவ்வளவு எழுதுகிறேன்.

இந்த வருஷமும் வசூல் ஆரம்பித்திருப்பீர்கள். பிளெக்ஸுக்கு ஒரு தொகை, மாலைக்கு ஒரு தொகை, சிறப்பு விருந்தினர் வந்துபோக கார். குழுவுக்குப் பேசும்போது மட்டும், "பாடகர் ரெண்டு பேர் போதும், மத்ததுக்கு டிராக் போட்டுக்கலாம், செலவு கம்மி" என்கிறீர்கள். டிராக் போட்டால் வயலின்காரர் வேண்டாம், புல்லாங்குழல் வேண்டாம், நான் வேண்டாம். எஸ்.பி.பி. மேடையில் வாத்தியக்காரர்களைப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தாமல் விட்டதை நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா? அவர் நினைவு நாளிலேயே பென்டிரைவை அறிமுகப்படுத்துகிறீர்கள்.

வாத்தியக்காரர்களை வைத்து நடத்துங்கள். குழு பேச வருகிறவரிடம் இன்னொன்றையும் கேளுங்கள்: உங்க குழுவுல முன்னாடி பாடிக்கிட்டு, வாசிச்சுக்கிட்டு இருந்து இப்போ உடம்பு முடியாமல் இருக்கிறவங்க யாராவது உண்டா? உண்டு என்றால் அவருக்கும் ஒரு பேமெண்ட் சேர்த்துப் பேசுங்கள். அவர் வர முடிந்தால் மேடையில் நாற்காலி போடுங்கள், வர விருப்பமில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள், போட்டோ எடுக்க அவர் வீட்டுக்குப் போகவும் வேண்டாம். இதை அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். கொடுத்த பிறகு கேட்டால் எங்கள் ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை, "எல்லாரும் நல்லா இருக்காங்க சார்" என்று சொல்லிப் பையில் போட்டுக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
உங்கள் மேடையில் இடது பக்கம் உட்காரும் தபேலாக்காரன்